சட்டை போடும்வரை காத்திருந்தவர்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அக்காவின் ஒரே தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அக்காவின் மகள் கவிதா, "மாமா, நீங்கதான் எழுதணும்" என்றாள். நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லாரியில் கிளீனர், ஹூப்ளியில் ஓட்டல் வேலை, திருப்பூரில் சாயப்பட்டறை, மும்பையில் மூட்டை தூக்குதல் என்று எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நிலைத்து நிற்காதவன். கடிதத்தைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. அந்தக் கடிதங்களும் அக்காவுக்கு எழுதியவைதான்.

"படிச்சவங்க யாராச்சும் எழுதட்டுமே" என்றேன்.

"படிச்சவங்க அம்மாவ தெய்வம்னு எழுதிடுவாங்க மாமா. அம்மாவுக்கு அது புடிக்காது" என்றாள். அது உண்மைதான். ஆகவே எனக்குத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றில். ஒரே அறை, ஒரே ஜன்னல். அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தார். கல்தூசி நெஞ்சில் இறங்கிப் படுத்த படுக்கையானபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டி சில ஆண்டுகள்தான். அம்மா காலையில் வேலைக்குப் போய்விடுவார். அப்பாவைக் கழுவித் துடைத்து, புரட்டிப் போட்டு, சோறு ஊட்டியது எல்லாம் அக்காதான். அப்போது அக்காவுக்குப் பதினைந்து, எனக்கு ஏழு. கஷ்டம் என்று அதைப் பெரிதாகச் சொல்ல எனக்கு வரவில்லை. லைனில் பல வீடுகளிலும் அப்படித்தான் இருந்தது.

ஒரு நாள் வெளியூரிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். நோயாளிகளுக்கு ரொட்டியும் கம்பளியும் கொடுக்கிறவர்கள். அவர்களில் ஒருவர் கழுத்தில் கேமரா தொங்கியது. அப்பா இடுப்பில் ஒரு துண்டோடு படுத்திருந்தார். எலும்பெல்லாம் எண்ணலாம் போலிருந்தது. கேமராவைப் பார்த்ததும் அப்பா, "கொஞ்சம் இருங்க சாமி, சட்டை போட்டுக்கறேன்" என்றார். அக்கா கொடியிலிருந்து சட்டையை எடுக்கப் போனார். அந்த ஆள், "வேணாம் வேணாம், அப்படியே இருக்கட்டும். இதுதான் நல்லா இருக்கு" என்று சொல்லி எடுத்துவிட்டார். கம்பளியைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

அப்பா அன்று மாலை வரை சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். நல்ல கம்பளி அது. அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் அதைப் போர்த்திக்கொண்டோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அப்பா போன பிறகு அக்கா பெங்களூருக்கு வந்து பீன்யாவில் ஒரு துணித் தொழிற்சாலையில் காலர் தைத்தார். மோட்டார் வைண்டிங் வேலை செய்யும் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு மர்பி டவுனுக்குக் குடிவந்தார். பக்கத்துச் சந்தில் ஒரு அம்மா பக்கவாதத்தில் விழுந்து, முதுகெல்லாம் படுக்கைப் புண்ணாகிக் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போய் அவரைக் கழுவிக் கட்டுப் போட ஆரம்பித்தார். அப்பாவுக்குச் செய்த கை. அதைப் பார்த்து இன்னொரு வீட்டில் கூப்பிட்டார்கள், பிறகு இன்னொரு வீடு. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் முறையாகக் கற்றுக்கொடுத்தார். தொழிற்சாலையில் உடன் வேலை பார்த்த ரோஸியும் வேறு மூன்று பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜீவனஹள்ளியில் இரண்டு அறை எடுத்து, பதிவு செய்து, படுத்துக் கிடப்பவர்களின் வீடுகளுக்கே போய்ப் பார்க்கும் நம் மையம் இப்படித்தான் வந்தது. மோட்டார் வைத்துக் காற்று நிரப்பும் ஏர் பெட்டுகளைத் தேவைப்படும் வீடுகளுக்குக் கொடுத்து, தேவை முடிந்ததும் திரும்ப எடுத்து வருவார்கள். கெட்டுப்போகும் மோட்டார்களையெல்லாம் மாமா சரிசெய்வார்.

இதற்கெல்லாம் நன்கொடை வேண்டும். நன்கொடை கேட்பதற்கு அக்கா வெட்கப்பட்டதே கிடையாது. கடை கடையாக ஏறுவார், கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதுவார். ஆனால் கேட்கும் முறை ஒன்று வைத்திருந்தார். ஒரு நோயாளியைப் பற்றி எழுதினால், அந்தக் கடிதத்தை அந்த நோயாளியின் வீட்டுக்கே போய்ப் படித்துக் காட்டுவார். அவர் எடுக்கச் சொன்ன வரியை எடுத்துவிடுவார். சில நாட்களில் முக்கால் கடிதம் போய்விடும். "இன்னாக்கா, கடைசில 'வணக்கம்' மட்டும்தான் மிஞ்சிருக்கு" என்று ரோஸி சிரிப்பார். அதையும் அனுப்புவார் அக்கா.

கட்டுத்துணிக்காகப் பழைய பருத்திப் புடவை இரண்டு கொடுத்த பூக்காரம்மாவுக்கும், பத்து ஏர் பெட் வாங்கித் தந்த கம்பெனிக்கும் ஒரே நன்றிக் கடிதம்தான் போகும், ஒரே வார்த்தைகள். வார வட்டிக்கு விடும் ஒருவர் கட்டாகப் பணம் கொண்டுவந்தபோது மட்டும் அக்கா கைகூப்பித் திருப்பி அனுப்பினார். "நாம போற வீடுங்கள்ல வாங்கினதுதானே இது? அவங்களுக்கு வட்டிய கொறைங்கண்ணா, அதுவே எங்களுக்குக் குடுத்த மாதிரி" என்றார். அவர் குறைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

மும்பையில் வேலை போய், கையில் ஒரு பையோடு நான் அக்கா வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு நாற்பது கடந்துவிட்டது. ஏன் வந்தாய், எத்தனை நாள் இருப்பாய் என்று அக்கா கேட்கவில்லை. மையத்தின் பழைய ஆம்னி வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். "ஒரு மாசமாவது ஓட்டிட்டு அப்புறம் ஓடிப் போடா" என்றார். நான் ஓடிப்போகவில்லை. என் வாழ்க்கையில் நான் நிலைத்து நின்ற ஒரே இடம் அந்த வண்டியின் சீட்தான்.

அந்த வண்டியின் பக்கக் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்போம். மழை பெய்தால் உள்ளே தண்ணீர். மேட்டில் ஏறும்போது ரோஸியும் மற்றவர்களும் இறங்கித் தள்ளுவார்கள். இந்த நிலையில்தான் ஒரு பெரிய கட்டட நிறுவனத்தின் முதலாளி புது வண்டி ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். அக்காவும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். அடுத்து நடந்தது என் தவறு. அதை இங்கே எழுதாவிட்டால் அக்காவைப் பற்றி எழுதியதாகவே ஆகாது.

அந்த நிறுவனத்து ஆபீஸ் பெண் எனக்கு போன் செய்தார். "வண்டிக்கு டிசைன் பண்ணணும் சார். ஒரு பேஷன்ட் போட்டோ அனுப்புங்களேன். கொஞ்சம் கஷ்டம் தெரியற மாதிரி." அக்காவிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கேட்டால் என்ன சொல்வார் என்பதும் தெரியும். அதனாலேயே கேட்கவில்லை. எனக்கு அந்த வண்டி வேண்டியிருந்தது.

பீன்யாவில் லேத் ஓட்டிக்கொண்டிருந்து, மேல் தளத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போன ஒருவர் ஜீவனஹள்ளியில் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் பீன்யா அண்ணன் என்றே எழுதுகிறேன். அன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி போட்டுக்கொடுத்த சோற்றைப் படுத்தபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அண்ணா, புது வண்டில போட ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றேன். "எடு தம்பி. இரு, சட்டை போட்டுக்கறேன்" என்றார். "பரவால்லண்ணா, அப்படியே இருங்க. அதான் நல்லாருக்கும்" என்று சொல்லி போனில் எடுத்தேன். எடுத்த நேரத்தில் எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

புது வண்டி வந்தது. மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மையத்தின் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் முழுவதும் நிறுவனத்தின் பெயர். மறு பக்கம் ஆள் உயரத்துக்குப் பீன்யா அண்ணன், வெற்று மார்போடு, வாயைத் திறந்து, உதட்டோரம் பருக்கையோடு. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மையத்துப் பெண்களெல்லாம் கைதட்டினார்கள். அக்கா வண்டியைச் சுற்றி வந்தார். அந்தப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

என்னைக் கூப்பிட்டார். சத்தமே போடவில்லை.

"நீதான் எடுத்தியா?"

"ஆமாக்கா."

"சட்டை கேட்டாரா?"

நான் சக்கரத்தடி எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன்.

"டேய், கேக்கறேன்ல? சட்டை கேட்டாரா?"

"கேட்டாரு."

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு அப்பா கேட்டப்ப நீ கட்டில் கால புடிச்சிகினு நின்னிருந்த" என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் லாரி பட்டறைகளில் வாங்காத அடி இல்லை. எதுவும் அதைப் போல வலித்ததில்லை.

அங்கேயே முதலாளிக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"சார், வண்டிக்கு ரொம்ப நன்றி. அந்தப் படத்த மட்டும் எடுத்துடலாமா?"

"ஏன் மேடம்? முகத்தப் பாத்தாதான் ஜனங்க குடுப்பாங்க. இதப் பாத்து இன்னும் பத்து பேர் குடுப்பாங்க, உங்களுக்குத்தானே நல்லது?"

"குடுப்பாங்க சார், நெசந்தான். ஆனா அந்த முகம் என்னுது இல்லியே, நான் எடுத்துக் குடுக்க."

"அவரே ஒத்துக்கிட்டாரு மேடம், உங்க டிரைவர்தான் சொன்னாரு."

"நாளைக்குக் காலைல அவருக்குக் கழுவி விடப் போறது நாங்கதான் சார். அவர் சம்சாரத்தால ஒத்தையில புரட்ட முடியாது, எங்கள விட்டா வேற ஆளில்ல. அப்படி இருக்கறவரு எங்க ஆளுகிட்ட எப்படி மாட்டேன்னு சொல்லுவாரு?"

முதலாளி, "நான் நல்லது பண்ணத்தான் வந்தேன்" என்றார். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "தெரியும் சார்" என்றார் அக்கா. படத்தோடுதான் வண்டி என்று கடைசியில் முடிவானது. அக்கா சாவியை அந்த நிறுவனத்து டிரைவர் கையில் வைத்தார். மாலையோடு வண்டி திரும்பிப் போனது.

ரோஸிக்குத் தாங்கவில்லை. "நல்லாருக்குக்கா. நீங்க நல்லவங்களா இருங்க. பெட்டு தூக்கறது நாங்கதானே! அந்தண்ணன் ஒண்ணும் பேஜாராகலியே, உங்களுக்கு மட்டும் இன்னா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

அக்கா கோபப்படவில்லை. "நீ கேக்கறது சரிதான் ரோஸி. வா, அவரையே கேக்கலாம்" என்றார்.

மூன்று பேரும் போனோம். கதவுக்கு வெளியே நின்று அக்கா, "நாங்க வந்திருக்கோம். மெதுவா சட்டை போட்டுக்கிட்டு கூப்புடுங்க" என்றார். நெடுநேரம் நின்றோம். இடுப்பு வராதவருக்குச் சட்டை போடுவது எவ்வளவு வேலை என்பதை அன்றுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். உள்ளே போனதும் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் முதலில், "அட உடு தம்பி" என்றார். அக்கா தரையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அவர் சொன்னார்: "எம் பொண்ணு இஸ்கூலுக்குப் போற வழியில அந்த வண்டி நிக்குமேன்னு நெனச்சேன். பெட்டு குடுத்தவங்க, வேணாம்னு எப்படிச் சொல்றதுன்னு உட்டுட்டேன்."

மறுநாள் காலை ரோஸி முதல் ஆளாக வந்து, "எந்த வீட்டு பெட்டுக்கா எடுக்கணும்?" என்று நின்றார்.

பழைய ஆம்னி அந்த மழைக்காலத்திலேயே நின்றுவிட்டது. ஆட்டோவிலும் பஸ்ஸிலும் தோளிலும் படுக்கைகளைத் தூக்கினோம். அக்காவும் தூக்கினார். தோள்பட்டை வீங்கி, மாமா தைலம் தேய்ப்பார். அக்கா செய்தது சரியா என்று நானே பல நாள் சந்தேகப்பட்டேன். புண்ணோடு ஒருவர் காத்திருக்க, படுக்கை இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது ஒரு முறை. அன்று அக்கா சாப்பிடவில்லை.

இந்தச் சமயத்தில் மர்பி டவுனில் நம் ஏர் பெட்டில் படுத்திருந்த ஒரு பெரியவர் காலமானார். காரியம் முடிந்தபின் படுக்கையை எடுத்து வரலாம் என்றிருந்தோம். அதற்கு முன்பே அவர் மகன், மொட்டைத் தலையோடு, ஸ்கூட்டரின் பின்னால் ஏர் பெட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். துடைத்து, வெயிலில் காயவைத்து, அழகாகச் சுருட்டியிருந்தார்.

"அக்கா, அப்பாவோட பெட்டு. அடுத்து யார் வீட்டுக்கு?"

"வெச்சிட்டுப் போப்பா, நாங்க பாத்துக்கறோம்."

"அட்ரஸ் சொல்லுங்கக்கா, நானே குடுத்துட்டு வரேன். வண்டி இல்லன்னு தெரியும்."

வழி காட்ட நானும் போனேன். அந்த வீட்டில் ஒரு பெண், விழுந்துவிட்ட தன் மாமியாரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தார். நான் படுக்கையை இறக்கிவிட்டுக் கிளம்பியிருப்பேன், எப்போதும் அப்படித்தான். இந்த மகன் உட்கார்ந்துவிட்டார். காற்று எவ்வளவு நிரப்ப வேண்டும், கரண்ட் போனால் என்ன செய்ய வேண்டும், எத்தனை மணிக்கு ஒருமுறை எந்தப் பக்கம் புரட்ட வேண்டும், சோறு இறங்காதபோது எப்படிக் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தன் அப்பாவுக்குச் செய்து செய்து கற்றது. அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் படுத்த இடத்திலிருந்தே, "நல்லா சொல்லுப்பா. இவளுக்குக் கோவம்தான் வரும், கை வராது" என்றார். அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பி வந்து இதை அக்காவிடம் சொன்னேன். அன்றிலிருந்து அதையே மையத்தின் வழக்கமாக்கினார். ஒரு வீட்டில் தேவை முடிந்தால், மனமிருந்தால் அந்த வீட்டாரே அடுத்த வீட்டுக்குப் படுக்கையைக் கொண்டுபோகலாம். யார் படுத்த படுக்கை என்று இவர்கள் சொல்லக்கூடாது, அவர்களும் கேட்கக்கூடாது. எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. சிலருக்கு அந்தப் படுக்கையைத் தொடவே முடியவில்லை. அவர்களை அக்கா வற்புறுத்தியதில்லை. ஆனால் ஒத்துக்கொண்டவர்கள் ஏராளம். துக்கம் ஆறாத ஆட்கள் தலையிலும் தோளிலும் படுக்கையைத் தூக்கிக்கொண்டு ஜீவனஹள்ளிச் சந்துகளில் போவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஊர் ஊராக அலைந்தவன் நான். கோயில் தேர், மசூதி ஊர்வலம், கப்பல் கிளம்புவது எல்லாம் பார்த்திருக்கிறேன். இதைப் பார்க்கும்போது மட்டும் ஓரமாக ஒதுங்கி, அவர்கள் கடந்து போகும்வரை நிற்பேன். இப்படித் தூக்கியவர்கள்தான் பிறகு மாதாமாதம் தங்களால் முடிந்ததைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களிடம் அக்கா ஒரு கடிதமும் எழுதிக் கேட்டதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. கடைசி மூன்று மாதம் மையத்தின் ஏர் பெட் ஒன்றில், மர்பி டவுன் வீட்டில் படுத்திருந்தார். ரோஸி தினமும் வந்து கழுவிவிட்டார். "மெதுவாடி, உனக்கு நான்தானே கத்துக் குடுத்தேன்" என்பார் அக்கா. "அதான் மெதுவா வரல" என்பார் ரோஸி. காரியங்கள் முடிந்த மறுநாள் மாமாவும் நானும் அந்தப் படுக்கையைத் துடைத்துக் காயவைத்துச் சுருட்டினோம். மாமா மோட்டாரைக் கழற்றிப் புது வயர் போட்டார். நான் அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த வீட்டுக்காரர்கள், "நல்ல பெட்டாத்தான் இருக்கு" என்றார்கள். யார் படுத்தது என்று நான் சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

அக்காவின் கடைசி நாட்களில் வலி தெரியாமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், இரவென்றும் பகலென்றும் பாராமல் உடனிருந்த ரோஸிக்கும் மையத்துப் பெண்களுக்கும், சோறாக்கிக் கொண்டுவந்த மர்பி டவுன் அண்டை வீட்டாருக்கும், தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. படுக்கை சுமந்த ஒவ்வொருவருக்கும் நன்றி. கதவைத் திறந்து எங்களை உள்ளே விட்ட வீடுகளுக்கு அதைவிடப் பெரிய நன்றி. அந்தக் கட்டட முதலாளியும் சாவுக்கு வந்திருந்தார். மாலையை வைத்துவிட்டு ஓரமாக நின்றுவிட்டுப் போனார். அவருக்கும் நன்றி.

இந்தக் கட்டுரையைப் பீன்யா அண்ணனுக்கும் ரோஸிக்கும் படித்துக் காட்டினேன். ரோஸி, தான் கேட்ட கேள்வியை எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். பீன்யா அண்ணன் இரண்டு வரிகளை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன்.

அக்காவுக்குப் படித்துக் காட்ட வழியில்லை. ஆனால் இந்த மலரின் அட்டையில் உள்ள படம் மட்டும் அக்கா பார்த்ததுதான்.

போவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு அக்காவே சொன்னார்: "நான் போனா எப்படியும் ஒரு படம் போடுவீங்க. நீயே எடுத்துடு." நான் போனை எடுத்தேன்.

"இருடா. புடவ மாத்திக்கறேன்."

நான் வெளியே வந்து நின்றேன். உள்ளே ரோஸியும் கவிதாவும் அக்காவை உட்காரவைத்து, கஞ்சி போட்ட பச்சைப் பருத்திப் புடவையைக் கட்டினார்கள். நடுவில் வலி வந்தது, நிறுத்தினார்கள். மறுபடி படுக்கவைத்து, மறுபடி எழுப்பினார்கள். தலை சீவினார்கள். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். உள்ளே ரோஸி, "போதும்க்கா, கல்யாணப் பொண்ணா நீங்க?" என்பது கேட்டது. நான் கதவைப் பார்க்காமல் தெருவைப் பார்த்து நின்றிருந்தேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. நானும் யாரையும் அவசரப்படுத்தவில்லை.

"இப்ப வாடா" என்று கூப்பிட்டார்.

எடுத்துக் காட்டினேன். கண்ணுக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பார்த்தார். "கையில ஊசி ஏத்தின இடம் தெரியுது. இன்னொண்ணு எடு" என்று கையைப் புடவைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டாவதை வெகுநேரம் பார்த்தார்.

"ம். இது சரி. இத எல்லாருக்கும் குடு" என்றார்.

அதைத்தான் கொடுத்திருக்கிறேன்.